மயில்துத்தம் முதல் ஜிங்க் வரை: அணைவுச் சேர்மங்களை அடியிலிருந்து படிக்க ஒரு முழு வழிகாட்டி

என் சித்தப்பாவுக்குத் திருவையாறு பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சை. ஒரு வருடம் குறுவை நட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, பயிர் எழும்பாமல் குன்றிப்போய், இலையெல்லாம் துரு தெளித்த மாதிரி பழுப்புப் புள்ளி. "ஜிங்க் பற்றாக்குறை மாதிரி இருக்கே சித்தப்பா, போடலையா?" என்றேன். "ஏண்டா, ஏக்கருக்குப் பத்துக் கிலோ போட்டிருக்கேன்" என்று கோபப்பட்டார். எப்படிப் போட்டீர்கள் என்று துருவிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. டிஏபி உரத்தையும் ஜிங்க் சல்பேட்டையும் களத்தில் ஒன்றாகக் கொட்டி, தண்ணீர் தெளித்துக் கலந்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் விசிறியிருக்கிறார்.

ஜிங்க் எங்கேயும் போகவில்லை, வயலில்தான் கிடந்தது. ஆனால் டிஏபியில் இருந்த பாஸ்பேட் அதைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் எளிதில் கரையாத ஜிங்க் பாஸ்பேட் ஆக்கிவிட்டது. வேருக்கு எட்டாத சோறு.

நான் கும்பகோணம் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறவன். இடைநிலை உலோகங்கள், அணைவு வேதியியல் என்ற இரண்டு பாடமும் வந்தால் பாதி வகுப்பு முகம் வாடிவிடும். அந்தக் குறுவைக்குப் பிறகு இந்தப் பாடத்தை நான் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறேன்: இந்த உலோகம் இப்போது யார் கையில் இருக்கிறது? நிறம், காந்தத்தன்மை, கரைதிறன், விஷமா மருந்தா என்பது எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் மாறுகிறது. உலோகத்தைக் கையில் வைத்திருக்கும் அந்த ஆளுக்குப் பாடப்புத்தகத்தில் ஈனி என்று பெயர். தன்னிடம் உள்ள ஓர் எலக்ட்ரான் ஜோடியை உலோகத்துக்கு ஈவதால் ஈனி. உலோகமும் அதைப் பிடித்திருக்கும் ஈனிகளும் சேர்ந்ததுதான் அணைவு.

வாய்பாடுகளை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். சதுர அடைப்புக்குள் இருப்பவை உலோகமும் அதை ஒட்டியிருக்கும் ஈனிகளும். அடைப்புக்கு வெளியே இருப்பவை மின்சுமையைச் சரிக்கட்ட நிற்கிறவை.

படி 1: முதலில் கண்ணால் பாருங்கள்

நாட்டு மருந்துக் கடையிலோ உரக்கடையிலோ நூறு கிராம் மயில்துத்தம் வாங்குங்கள். காப்பர் சல்பேட்தான். இது விஷம், கையில் படாமல் எடுங்கள், சமையல் பாத்திரத்தில் வைக்காதீர்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடானால் பள்ளி ஆய்வகத்திலேயே செய்யுங்கள்.

ஒரு சிட்டிகையைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கினால் நீலம் வெளுத்து, கடைசியில் வெள்ளைப் பொடி ஆகும். அதே காப்பர், அதே சல்பேட். போனது தண்ணீர் மட்டும். ஆறவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பி வரும். அதாவது நாம் பார்த்த நீலம் காப்பரின் சொந்த நிறம் இல்லை, காப்பரும் தண்ணீரும் சேர்ந்த நிறம். படிகத்தில் காப்பர் ஒன்றுக்குத் தண்ணீர் ஐந்து. அவற்றில் நான்குதான் காப்பரை ஒட்டியிருக்கும், ஐந்தாவது சல்பேட்டோடு ஹைட்ரஜன் பிணைப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்த ஐந்தாவதைக் கழற்ற 200 டிகிரியைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

இப்போது கொஞ்சம் மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்து மூன்று கண்ணாடிக் குவளைகளில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் உப்பைக் கரையும் மட்டும் போட்டுக்கொண்டே போங்கள், நீலம் பச்சைப் பக்கம் சாயும், ஏனென்றால் குளோரைடு வந்து தண்ணீரின் இடத்தைப் பிடிக்கிறது. மூன்றாவதில் ஆய்வக அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதலில் வெளிர்நீலமாகத் திரியும், அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள், இன்னும் விட்டால் திரிந்தது முழுக்கக் கரைந்து ஓர் அடர்நீலம் வரும் பாருங்கள், அதைப் பார்த்த பிறகு இந்தப் பாடத்தை வெறுக்க முடியாது. அம்மோனியாவைக் காற்றோட்டமான இடத்தில்தான் திறக்க வேண்டும், பிளீச்சிங் பவுடர் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

மூன்று குவளையிலும் உலோகம் ஒன்றுதான். பிடித்திருக்கும் ஆள்தான் வேறு. வேலை முடிந்ததும் இந்தத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள், காப்பர் மீனுக்கு ஆகாது. பள்ளியில் செய்தால் ஆய்வகக் கழிவில் சேர்த்துவிடலாம்.

படி 2: டி எலக்ட்ரானை எண்ணுங்கள்

இது தெரியாமல் மேலே போனால் எல்லாம் மனப்பாடம்தான். அணுவின் கூடுகளில் எலக்ட்ரான்களை நிரப்பும்போது முதலில் 4எஸ் கூடு, பிறகு 3டி கூடு. ஆனால் அயனியாகும்போது முதலில் கழல்வது 4எஸ். பிள்ளைகள் தவறு செய்வது இந்த இடத்தில்தான். இரும்பு என்றால் 3டி-யில் ஆறு, 4எஸ்-இல் இரண்டு. இரும்பு 2+ ஆனால் 4எஸ் இரண்டும் போய் டி 6. இரும்பு 3+ ஆனால் டி 5.

குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. தனிம அட்டவணையின் தொகுதி எண்ணிலிருந்து ஆக்சிஜனேற்ற எண்ணை, அதாவது உலோகத்தின் மேல் கணக்கிடும் மின்சுமையை, கழித்தால் டி எலக்ட்ரான் எண்ணிக்கை. இரும்பு எட்டாம் தொகுதி, 3+ என்றால் 8 − 3 = 5. காப்பர் பதினொன்று, 2+ என்றால் 9. கோபால்ட் ஒன்பது, 3+ என்றால் 6. ஜிங்க் பன்னிரண்டு, 2+ என்றால் 10.

அந்தப் பத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அணுவிலோ அது தரும் அயனியிலோ டி கூடு அரைகுறையாக நிரம்பியிருந்தால்தான் இடைநிலைத் தனிமம் என்று சொல்ல வேண்டும். ஜிங்கில் அணுவிலும் நிறைந்துவிட்டது, அயனியிலும் நிறைந்துவிட்டது. ஆக டி தொகுதியில் உட்கார்ந்திருந்தாலும் கறாராகப் பார்த்தால் அது இடைநிலைத் தனிமம் இல்லை. ஜிங்க் சல்பேட் வெள்ளையாக இருப்பதும் இதனால்தான். ஆனால் ஈனிகளோடு அணைவு அமைப்பதில் அது யாருக்கும் குறைந்ததில்லை.

படி 3: உள்ளே யார், வெளியே யார்

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் வெர்னர். 1893-இல் அவருக்கு வயது 26. கோபால்ட் குளோரைடும் அம்மோனியாவும் சேர்ந்த உப்புகள் அன்று வேதியியலாளர்களைக் குழப்பிக்கொண்டிருந்தன. அம்மோனியா ஆறு சேர்ந்தது மஞ்சள், ஐந்து சேர்ந்தது ஊதா, நான்கு சேர்ந்ததிலோ பச்சை ஒன்று, கத்திரிப்பூ நிறத்தில் ஒன்று என்று இரண்டு. எல்லாவற்றிலும் கோபால்ட் ஒன்றுக்குக் குளோரின் மூன்று. டென்மார்க்கைச் சேர்ந்த யோர்கென்சன் அம்மோனியாக்களைச் சங்கிலி போலக் கோத்து விளக்கம் சொன்னார். அவர் சாதாரண ஆள் இல்லை, சோதனையில் கைதேர்ந்தவர், வெர்னர் பயன்படுத்திய சேர்மங்களில் பல அவர் தயாரித்துக் காட்டியவைதான்.

அந்த உப்புகளில் சில்வர் நைட்ரேட்டை ஊற்றினால் என்ன ஆகிறது என்பதைக் கவனியுங்கள். மஞ்சளில் மூன்று குளோரைடும் வெள்ளை வீழ்படிவாக இறங்கும். ஊதாவில் இரண்டுதான் இறங்கும். பச்சையிலும் கத்திரிப்பூவிலும் ஒன்றே ஒன்று. இறங்காத குளோரைடு எங்கே? உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது, உலோகத்தை நேரடியாக ஒட்டிக்கொண்டு. அதனால் எழுத வேண்டிய முறை இது:

மஞ்சள்: [கோபால்ட், 6 அம்மோனியா] + 3 குளோரைடு
ஊதா: [கோபால்ட், 5 அம்மோனியா, 1 குளோரைடு] + 2 குளோரைடு
பச்சை, கத்திரிப்பூ இரண்டும்: [கோபால்ட், 4 அம்மோனியா, 2 குளோரைடு] + 1 குளோரைடு

அடைப்புக்குள் எண்ணிப் பாருங்கள், எல்லாவற்றிலும் ஆறு. அதுதான் அணைவு எண், வெர்னர் வைத்த பெயரில் இரண்டாம் நிலை இணைதிறன். கோபால்ட்டின் 3+ முதன்மை இணைதிறன். 1913-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

தேர்வில் கேட்கும் "எத்தனை மோல் சில்வர் குளோரைடு வீழ்படிவாகும்" என்ற கணக்கு முழுக்க இவ்வளவுதான். அடைப்புக்கு வெளியே இருக்கும் குளோரைடை எண்ணுங்கள், முடிந்தது.

படி 4: ஆக்சிஜனேற்ற எண், பெயர்

பொட்டாசியம் நான்கு, அடைப்புக்குள் ஓர் இரும்பும் ஆறு சயனைடும். வெளியே நான்கு பொட்டாசியம் என்றால் அடைப்பின் மொத்தச் சுமை 4−. சயனைடு ஆறும் சேர்ந்து 6−. அப்படியானால் இரும்பு 2+. கணக்கு முடிந்தது. தண்ணீர், அம்மோனியா, கார்பன் மோனாக்சைடு மூன்றுக்கும் சுமை பூஜ்யம். அதனால்தான் லுட்விக் மோண்ட் குழுவினர் 1890-இல் கண்டுபிடித்த நிக்கல் கார்பனைலில் நிக்கலின் ஆக்சிஜனேற்ற எண்ணும் பூஜ்யம். உலோகம் அயனியாகாமலேயே அணைவு அமைக்கிறது.

பெயர் வைப்பதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். ஈனிகளை ஆங்கில அகரவரிசையில் முதலில் சொல்லுங்கள், பிறகு உலோகம், அடைப்புக்குள் அதன் ஆக்சிஜனேற்ற எண், புத்தகத்தில் இது ரோமன் எண்ணில் இருக்கும். மேலே சொன்ன ஊதா உப்பு பென்டா அம்மீன் குளோரிடோ கோபால்ட்(3) குளோரைடு. அணைவு எதிரயனியாக, அதாவது எதிர்மின்சுமை உள்ளதாக, இருந்தால் உலோகத்தின் பெயர் ஏட் என்று முடியும், இரும்பு ஃபெரேட், காப்பர் குப்ரேட், வெள்ளி அர்ஜென்டேட். அம்மோனியா ஈனியாக வந்தால் அம்மீன், இரண்டு ம். ஒரு ம் போட்டால் அமீன், அது கரிம வேதியியலில் வரும் வேறு ஆள். விடைத்தாளில் இதற்கே ஒரு மதிப்பெண் போய்விடும்.

படி 5: வடிவம்

அணைவு எண் ஆறு என்றால் எண்முகி. நான்கு என்றால் நான்முகியாகவோ தளச்சதுரமாகவோ இருக்கும். இரண்டு என்றால் நேர்கோடு, வெள்ளியின் அம்மோனியா அணைவு மாதிரி.

ஆறு ஈனி எண்முகியாகத்தான் நிற்கிறது என்று எக்ஸ்ரே படம் இல்லாத காலத்தில் வெர்னருக்கு எப்படித் தெரிந்தது? எண்ணிப் பார்த்தார், அவ்வளவுதான். நான்கு அம்மோனியா, இரண்டு குளோரைடு. ஆறும் ஒரே தளத்தில் அறுகோணமாக நின்றால் மூன்று மாற்றியங்கள், அதாவது அதே ஆட்கள் இடம் மாறி நிற்கும் மூன்று அமைப்புகள், வர வேண்டும். முக்கோணப் பட்டகமாக நின்றாலும் மூன்று. எண்முகியானால் இரண்டுதான், குளோரைடு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அல்லது எதிரும் புதிருமாக. கையில் கிடைத்தவை இரண்டே, பச்சையும் கத்திரிப்பூவும். மூன்றாவது வரவேயில்லை. காகிதத்தில் மூன்று வடிவத்தையும் வரைந்து நீங்களே எண்ணுங்கள், அரை மணி நேரம் ஆகும், ஆனால் மாற்றியம் என்ற பாடம் அதோடு முடிந்துவிடும்.

பக்கத்திலா எதிரிலா என்பது வெறும் வரைபட விவகாரம் இல்லை. பிளாட்டினத்தைச் சுற்றி இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு, தளச்சதுரம். குளோரைடு இரண்டும் பக்கத்தில் இருந்தால் அது சிஸ்பிளாட்டின், புற்றுநோய்க்கு மருந்து. எதிரெதிரே இருந்தால் அந்த மருந்து வேலை நடப்பதில்லை.

படி 6: நிறமும் காந்தமும், பாடத்தின் மையம் இதுதான்

டி எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்களான ஐந்து டி ஆர்பிட்டால்களும் தனி அயனியில் ஒரே ஆற்றல் மட்டத்தில் இருக்கும். ஆறு ஈனிகள் எண்முகியாக நெருங்கும்போது, ஈனிகளுக்கு நேர் எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஆர்பிட்டால்களுக்கு இடி அதிகம், அவை மேலே ஏறிவிடும். ஈனிகளின் இடுக்கில் இருக்கும் மூன்றும் கீழே இறங்கிவிடும். இதைப் பிள்ளைகளுக்கு வயலை வைத்துத்தான் சொல்வேன். ஒரே மட்டமாகக் கிடந்த ஐந்து வயல், இப்போது மூன்று பள்ளம், இரண்டு மேடு. பள்ளத்துக்கும் மேட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் படிகப்புலப் பிளவு ஆற்றல்.

எலக்ட்ரான்களை நடவுக்கு வந்த ஆட்களாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி வயல்தான் பிடிக்கும், ஒரே வயலில் இருவர் இறங்கினால் சண்டை. முதல் மூவர் ஆளுக்கொரு பள்ளத்தில் இறங்கிவிடுவார்கள். நான்காவது ஆள் வரும்போதுதான் பிரச்சினை. மேடு ஓரடி உயரம்தான் என்றால், சண்டை எதற்கு என்று மேட்டுக்கு ஏறிவிடுவார். மேடு ஆளுயரம் என்றால், சண்டையானாலும் பரவாயில்லை என்று பள்ளத்திலேயே ஒருவரோடு ஒண்டிக்கொள்வார். முதல் வகை உயர் சுழற்சி, இரண்டாவது தாழ் சுழற்சி.

மேட்டின் உயரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஈனி. ஜப்பானைச் சேர்ந்த சுசிடா 1938-இல் இதை வரிசைப்படுத்தினார். வலுக் குறைந்ததிலிருந்து சொன்னால் அயோடைடு, புரோமைடு, குளோரைடு, ஃபுளூரைடு, ஹைட்ராக்சைடு, தண்ணீர், அம்மோனியா, எத்திலீன் டைஅமீன், சயனைடு, கார்பன் மோனாக்சைடு. இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், வேறு வழியில்லை.

இரும்பு 2+, டி 6. ஆறு தண்ணீர் சூழ்ந்தால் மேடு தாழ்வு, நான்கு எலக்ட்ரான்கள் தனித்து நிற்கும். காந்தத்தன்மையின் அளவான காந்தத் திருப்புத்திறனுக்குத் தனித்த எலக்ட்ரான் எண்ணிக்கையை அதைவிட இரண்டு கூடின எண்ணால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 4 × 6 = 24, வர்க்கமூலம் 4.90 போர் மேக்னட்டான். அதே இரும்பை ஆறு சயனைடு சூழ்ந்தால் ஆறு பேரும் மூன்று பள்ளத்தில் ஜோடி ஜோடியாக அடங்கிவிடுவார்கள். தனித்தவர் யாருமில்லை, திருப்புத்திறன் பூஜ்யம், டயா காந்தம், அதாவது காந்தம் இழுக்காதது. இரும்பு என்றாலே காந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார்கள், யோசிக்க வேண்டும்.

நிறமும் இதே கதைதான். பள்ளத்தில் இருக்கும் எலக்ட்ரான் மேட்டுக்குத் தாவ ஒளி வேண்டும். எந்த நிற ஒளியை அது எடுத்துக்கொள்கிறதோ அதன் எதிர்நிறம் நம் கண்ணுக்கு வரும். டைட்டானியம் 3+ தண்ணீரில் 500 நானோமீட்டர் வாக்கில் பச்சையை விழுங்கும், நமக்கு ஊதாவாகத் தெரியும். தண்ணீர் சூழ்ந்த காப்பர் 800 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சுகிறது, சிவப்பின் ஓரத்தை மட்டும் தின்பதால் நமக்கு வெளிர்நீலம். அம்மோனியா வந்ததும் மேடு உயர்கிறது, உறிஞ்சுவது 600 பக்கம் நகர்ந்து ஆரஞ்சைச் சாப்பிடுகிறது, மிஞ்சுவது அந்த அடர்நீலம். மூன்றாவது குவளையில் பார்த்தது இதுதான்.

இங்கே இரண்டு பொறிகள். டி-யில் எலக்ட்ரானே இல்லாத ஸ்கேண்டியம் 3+, நிறைந்துவிட்ட ஜிங்க் 2+ இரண்டிலும் தாவ வழியில்லை, நிறமில்லை. ஆனால் கிணற்றில் போடும் பொட்டாசியம் பர்மாங்கனேட்டில் மாங்கனீசு 7+, அதிலும் டி பூஜ்யம்தான், பிறகு எப்படி அந்த ஊதா? அங்கே நடப்பது டி-க்குள் தாவல் இல்லை, ஆக்சிஜனிடமிருந்து எலக்ட்ரான் மாங்கனீசுக்குத் தாவுகிறது. மின்சுமை மாற்றம். அதனால்தான் துளி போட்டாலே வாளித் தண்ணீர் நிறம் மாறுகிறது.

நான்முகியில் மேடு பள்ளம் தலைகீழ், இரண்டு கீழே, மூன்று மேலே. பிளவும் எண்முகியில் உள்ளதில் ஒன்பதில் நான்கு பங்குதான், எனவே அநேகமாக எப்போதும் உயர் சுழற்சி. சிலிக்கா ஜெல்லில் கலக்கும் கோபால்ட் குளோரைடு காய்ந்திருக்கும்போது நீலமாகவும் ஈரம் பட்டால் இளஞ்சிவப்பாகவும் இருப்பதும் சூழல் மாற்றம்தான், தண்ணீர் ஆறும் வந்து சூழ்ந்தால் இளஞ்சிவப்பு.

நம் ஊர்ப் பக்கத்திலேயே இதை வைத்துத் தொழில் செய்தவர்கள் இருக்கிறார்கள். கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி எழுதுகிறவர்கள் துணியைக் கடுக்காயில் நனைத்துக் காயவைத்து, துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு புளிக்கவைத்த கரைசலில் கோடு இழுப்பார்கள். பட்ட இடம் கறுப்பு. கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்த அணைவு அது, துவைத்தால் போகாது. வீட்டிலும் பார்க்கலாம், இரும்புச்சத்து அதிகமுள்ள போர் தண்ணீரில் டீ டிகாக்ஷனை விட்டால் கறுத்துப்போகும்.

படி 7: பிடி எவ்வளவு இறுக்கம்

ஒரு கையால் பிடிக்கும் ஈனிகள் உண்டு, தண்ணீர், அம்மோனியா, குளோரைடு மாதிரி. எத்திலீன் டைஅமீன் இரண்டு கையால் பிடிக்கும். ஈடிடிஏ என்ற கரிம அமிலம் ஆறு கையால். இப்படிப் பல கையால் வளைத்துப் பிடிப்பதைக் கொடுக்கு இணைப்பு என்கிறோம். மழைக்காலத்தில் வரப்போரம் வயல்நண்டிடம் விரலைக் கொடுத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆங்கிலப் பெயரும் கிரேக்க மொழியில் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

கொடுக்குப் பிடி ஏன் இவ்வளவு உறுதி? ஓர் ஈடிடிஏ உள்ளே வந்தால் ஆறு தண்ணீர் வெளியே போகிறது. ஒருவர் வந்து ஆறு பேர் சுதந்திரமானால் என்ட்ரோபி என்ற ஒழுங்கின்மை கூடும், வினை அந்தப் பக்கமே சாயும். ஒரு கை நழுவினாலும் மற்ற ஐந்து கை பிடித்திருக்கும், நழுவியது திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஈடிடிஏ ஒவ்வோர் உலோகத்தையும் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதைச் சொல்லும் நிலைப்புத்தன்மை மாறிலியின் மடக்கை மதிப்புகளைப் பாருங்கள்: கால்சியம் 10.7, ஜிங்க் 16.5, காப்பர் 18.8, இரும்பு 3+ 25.1. மடக்கை என்பதை மறக்காதீர்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் பத்து மடங்கு. ஆய்வகத்தில் போர் தண்ணீரின் கடினத்தன்மையை ஈடிடிஏ வைத்துத்தான் அளக்கிறோம், எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டியைப் போட்டு, ஒயின் சிவப்பு நீலமாகும் வரை. நிறங்காட்டியின் கையில் இருந்த உலோகத்தை ஈடிடிஏ பிடுங்கிக்கொள்ளும் கணம்தான் அந்த நீலம்.

பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்குவதும் இதே வகைதான். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. அமிலம் காப்பரின் மேல் படிந்த கறுப்பைக் கரைக்கிறது, டார்ட்ரேட் அந்தக் காப்பரைப் பிடித்துக் கரைசலிலேயே வைத்துக்கொள்கிறது. அதே டார்ட்ரேட்தான் சர்க்கரையைச் சோதிக்கும் ஃபெலிங் கரைசலில், காரத்தில் காப்பர் வீழ்படிவாகிவிடாமல் தாங்கி நிற்பது. இதே காரணத்தால்தான் வெள்ளீயம் பூசாத பித்தளையில் ரசம் வைக்கக் கூடாது என்று பாட்டி கத்தினாள். பாத்திரத்தைத் துலக்குகிற புளி ரசத்திலும் இருக்கிறதே, காப்பர் ரசத்தில் இறங்கிவிடும்.

ரத்தம் இன்னொரு உதாரணம். ஹீமோகுளோபினில் இரும்பைப் போர்ஃபைரின் வளையத்தின் நான்கு நைட்ரஜன் பிடித்திருக்கிறது, ஐந்தாவது இடத்தில் புரதத்தின் ஹிஸ்டிடின், ஆறாவது ஆக்சிஜனுக்காகக் காலியாக இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு அந்த இடத்தை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். கதவை அடைத்துக்கொண்டு கரியடுப்பு மூட்டுவது ஆபத்து என்பதன் வேதியியல் இது.

படி 8: இப்போது உரச் சாக்கைப் படியுங்கள்

கடையில் இரண்டு ஜிங்க் இருக்கும். ஒன்று ஜிங்க் சல்பேட், மற்றது ஜிங்க் ஈடிடிஏ. சல்பேட்டைக் கரைத்தால் ஜிங்க் தண்ணீரின் கையில் இருக்கிறது, லேசான பிடி, பாஸ்பேட் வந்தால் விட்டுவிடும். அதனால்தான் அதை டிஏபியோடும் சூப்பர் பாஸ்பேட்டோடும் கலக்காமல், 25 கிலோவை 50 கிலோ காய்ந்த மணலோடு கலந்து ஒரு ஹெக்டேருக்கு நடவின்போது தனியாக விசிறச் சொல்கிறார்கள். பயிரில் அறிகுறி வந்த பிறகு என்றால் இலைவழியாக, லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட்டும் 10 கிராம் யூரியாவும். சித்தப்பா அந்த வருடம் இப்படித் தெளித்துத்தான் பயிரைத் தேற்றினார்.

ஈடிடிஏவில் உள்ள ஜிங்க் கொடுக்குக்குள் பத்திரம், பாஸ்பேட்டால் எளிதில் பிடுங்க முடியாது. படிகளை வரிசையாகப் போட்டுப் பாருங்கள்: ஜிங்க் 2+, டி 10, அணைவு எண் ஆறு, ஈனி ஒன்றே ஒன்று, நிறமில்லை, தனித்த எலக்ட்ரான் இல்லை, டயா காந்தம். அடைப்பின் சுமை 2−, ஏனென்றால் ஈடிடிஏ 4−. வெளியே இரண்டு சோடியம்.

"அந்தப் பாக்கெட்ல ஜிங்க் 12 சதம்தான்னு போட்டிருக்கு, சல்பேட் மூட்டையில 21 இருக்கு, விலை மட்டும் எதுக்குடா அதுல அதிகம்?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. மூட்டையில் இருப்பது ஏழு தண்ணீர் சேர்ந்த ஜிங்க் சல்பேட், மூலக்கூறு எடை 287.5, அதில் ஜிங்க் 65.4, வகுத்தால் 22.7 சதம், குறைந்தபட்சம் 21 இருக்க வேண்டும் என்பது விதி. பாக்கெட்டில் பெரும்பங்கு எடை ஈடிடிஏவுடையது, நீங்கள் காசு கொடுப்பது அந்த நண்டுக்கு. அடியுரமாக மூன்று ஏக்கருக்கு அது கட்டுப்படியாகாது, மணலில் கலந்த சல்பேட்டே போதும் என்றேன். இப்போது டிஏபியை ஒரு நாள், ஜிங்க்கை வேறொரு நாள் விசிறுகிறார், இரண்டு மூட்டையையும் ஒரே அறையில்கூட வைப்பதில்லை. அது தேவையில்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கிற மாதிரி இல்லை.